777 போட்டால் வேலை முடிந்ததா?

லினக்ஸில் சாம்பா நிறுவி, வீட்டுக் கணினிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு ஃபைல் சர்வர் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தரும் நம்மவர்கள் கையில் ஒரு மந்திரம் இருக்கிறது. ஃபைல் திறக்கவில்லையா? ஃபோல்டருக்கு 777 போடு. பாஸ்வேர்டு கேட்கிறதா? 'கெஸ்ட் ஓகே = எஸ்' போடு. வேலை முடிந்தது! கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐயா, 777 என்றால் உரிமையாளர், குழு, மற்ற எல்லோரும் என மூன்று தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க அனுமதி. எழுதலாம் என்றால் அழிக்கவும் செய்யலாம். வங்கியில் ஸ்ட்ராங் ரூம் ஜாயிண்ட் கஸ்டடியில் இருக்கும்; 2 பேர் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். அங்கே இருப்பது பணம், போனால் இன்ஷூரன்ஸ் உண்டு. வீட்டு சர்வரில் இருப்பது என்ன? ஊரில் இருக்கும் நிலத்தின் பட்டா, பத்திர நகல், பிள்ளைகளின் மார்க் ஷீட், மறைந்துபோன பாட்டியின் போட்டோ. டிரான்ஸ்ஃபருக்கு டிரான்ஸ்ஃபர் பெட்டி கட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு ஊர் என்பதே பாதி அதற்குள்தான் இருக்கிறது.

"வீட்டுக்குள் யார் சார் திருடப் போகிறார்கள்?" என்பார்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்டு எத்தனை விருந்தாளிகளுக்குத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். திருடன் வரவும் வேண்டாம். 2017 மே மாதம் உலகையே ஆட்டிய வான்னாக்ரை, விண்டோஸின் பழைய எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. "நம்முடையது லினக்ஸ்" என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். பையனின் விண்டோஸ் லேப்டாப்பில் அந்த வகையறா ஒன்று நுழைந்தால், அவன் எழுத முடிந்த ஷேரில் உள்ளதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

சரியாகச் செய்வது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஆளுக்கொரு பயனர் கணக்கு, ஆளுக்கொரு சாம்பா பாஸ்வேர்டு. வீட்டாருக்கென ஒரு குழு, பொது ஃபோல்டருக்கு 2770. பத்திரமும் போட்டோவும் இருக்கும் ஷேருக்கு 'ரீட் ஒன்லி = எஸ்'; 'ரைட் லிஸ்ட்'டில் ஒரே ஒருவர். 2019-இல் வந்த சாம்பா 4.11 முதல் எஸ்எம்பி 1 தானாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. பழைய டிவிக்காக அதை மீண்டும் எழுப்பாதீர்கள். ரவுட்டரில் 445-ஆம் போர்ட்டை வெளியுலகுக்குத் திறக்கவே கூடாது. வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, உடனே கழற்றி பீரோவில் வையுங்கள்.

எல்லாம் சேர்த்து ஒரு ஞாயிறு மதிய வேலை. அதற்குச் சோம்பல்பட்டு 777 போடச் சொல்லும் அண்ணாச்சிகளே, பாட்டியின் போட்டோ போனால் நீங்களா திருப்பித் தருவீர்கள்?