நாக்கு மீன் வாங்கப் போறீங்களா? வரியைப் பார்க்காதீங்க, கண்ணைப் பாருங்க!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகிறவரா நீங்கள்? செருப்பு போலத் தட்டையாக, ஒரே பக்கத்தில் இரண்டு கண்களோடு கிடக்கும் மீனை ‘நாக்கு மீன்’ என்பார்கள். ஆனால், இந்தத் தட்டை மீன்களில் பல வகை உண்டு. எது எது என்று தெரிந்தால்தான் கொடுக்கிற காசுக்குச் சதை கிடைக்கும்.

கண் ஏன் அப்படி? குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண்தான். வளர வளர ஒரு கண் நகர்ந்து மறுபக்கம் போய்விடும். பிறகு கண்ணில்லாத வெளுத்த பக்கம் கீழே இருக்கும்படி கடலடி மணலில் படுத்துவிடும்.

இப்போது அடையாளம். குடல் இருக்கும் பக்கம் கீழே வரும்படி, கண்கள் உங்களைப் பார்க்கும்படி மீனைப் பிடியுங்கள்.

* தலை இடப்பக்கம், வால் கூர்மை: நாக்கு மீன். தோலை உரித்து வறுக்கலாம்.

* தலை வலப்பக்கம், உடல் முழுக்க வரிக்குதிரை போலப் பட்டைகள், வால் துடுப்போடு மற்ற துடுப்புகளும் சேர்ந்திருக்கும்: வரி நாக்கு. சின்ன மீன், சதை குறைவு.

* தலை எந்தப் பக்கமும் இருக்கலாம், பெரிய வாய், கூரிய பற்கள், வால் தனியாக இருக்கும்: எருமை நாக்கு. சதைப்பற்று அதிகம். இதன் மேலும் சில சமயம் அகலமான நாலு பட்டைகள் தெரியும். அதனால்தான் வரியை மட்டும் நம்பக் கூடாது.

எருமை நாக்குக்கு ஒரு பெருமை உண்டு. 1801-ல் தரங்கம்பாடி மீனை வைத்து இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது, நம் மீனவர்கள் சொன்ன பெயரையே சேர்த்துக்கொண்டார்கள். இன்றும் உலகம் முழுக்க அது ‘செட்டோடஸ் எருமெய்’தான்!

வரி நாக்குக்கு அந்த மரியாதை இல்லை. இழுவலையில் சிக்கினால், விலை போகாத பொடி மீன்களோடு சேர்ந்து காய்ந்து கோழித் தீவனமாகிவிடும். அந்தக் குவியலில் பெரிய மீன்களின் குஞ்சுகளும் போகின்றன. நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருப்பது, மீன்கள் இனப்பெருக்கம் செய்யத்தான்.

விரல் நீளக் குஞ்சு நாக்கைக் கடையில் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்பவர் இல்லாவிட்டால், பிடிப்பவரும் யோசிப்பார்.