வண்டி நிறுத்த ஓர் இடம்



இந்த மாத இதழை 'வீடு' சிறப்பிதழாகக் கொண்டுவருகிறோம். திண்ணை வீடு, அடுக்ககம், வாடகை வீடு என்று கட்டுரைகள் வந்து குவிந்துவிட்டன. அவற்றில் இடம்பெறாத ஒரு வீட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் உங்களோடு பேச ஆசை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் க்வார்ட்ஸைட் என்றொரு பாலைவனச் சிற்றூர். 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். குளிர்காலம் வந்தால் நிலைமை தலைகீழ். பனி கொட்டும் வடக்கிலிருந்து மோட்டார்ஹோம்களும் வேன்களும் சாரிசாரியாக இறங்கும். ஜனவரியில் ஊரைச் சுற்றிய பாலை நெடுக வண்டிகள்தான். மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் இல்லாத தரையில் மாதக்கணக்கில் குடியிருக்கிறார்கள். பலர் குளிருக்குத் தப்பி வந்தவர்கள். இந்த வண்டியை விட்டால் வேறு வீடில்லாதவர்களும் அவர்களுக்கிடையே இருக்கிறார்கள். என் மனம் இவர்களிடம்தான் நிற்கிறது.

இவர்களுடைய ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். சின்ன வண்டியின் கூரையில் 400 வாட் சூரியத் தகடு பொருத்தினால், மேகமில்லாத குளிர்கால நாளில் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக மின்சாரம் கிடைக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி கொள்வதும் ஏறக்குறைய அவ்வளவே. நம் படுக்கையறை ஏ.சி. ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிடும். அவர்களுக்கோ சிறு ஃபிரிட்ஜ், விளக்கு, விசிறி, தண்ணீர் பம்ப், போன் எல்லாம் அதில்தான் ஓடவேண்டும். அடுப்பும் ஹீட்டரும் கேஸில். பழைய ஈய-அமில பேட்டரி வைத்திருப்பவர் சார்ஜைப் பாதிக்குக் கீழே இறங்கவிட மாட்டார். இறங்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும்.

தண்ணீர் விஷயம் இன்னும் கறார். இத்தகைய வண்டிகளின் தொட்டி பெரும்பாலும் 80 முதல் 150 லிட்டர்தான் பிடிக்கும். தட்டைக் காகிதத்தால் துடைத்தபின் நீரைத் தெளித்துக் கழுவுவார்கள். குளிக்கும்போது உடம்பை நனைத்ததும் குழாயை மூடி, சோப்புப் போட்ட பிறகே மறுபடி திறப்பார்கள். லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்த சென்னைக் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல தண்ணீர் தீரும்முன் கழிவுத் தொட்டி நிரம்பிவிடுவதும் உண்டு. அதைக் கண்ட இடத்தில் திறந்துவிட முடியாது. அதற்கென்று உள்ள நிலையத்துக்கு வண்டியை ஓட்டிப் போயாக வேண்டும்.

ஆனாலும் வெயிலும் தண்ணீரும் எப்படியோ கிடைத்துவிடுகின்றன. கிடைக்க அரிதாக இருப்பது வண்டியை நிறுத்த ஓர் இடம்.

நிலத்துக்குப் பஞ்சமில்லை. மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலுமாகச் சுமார் 24.5 கோடி ஏக்கர் நிலம் நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறை வசம் இருக்கிறது. அதில் பெரும்பாலான இடங்களில் காசு கொடுக்காமல் 14 நாள் தங்கலாம். பிறகு வண்டியைக் கிளப்பவேண்டும். 1983இல் க்வார்ட்ஸைட் போன்ற இடங்களில் நீண்ட நாள் தங்குவதற்கெனத் தனிப் பகுதிகளை ஒதுக்கினார்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதத்துக்கும் சேர்த்துப் பல ஆண்டுகளாக 180 டாலர்தான் கட்டணமாக இருந்தது. மாதத்துக்கு 26 டாலர்கூட வரவில்லை. ஓர் அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்றாகவே இதை நான் மதிக்கிறேன்.

பாப் வெல்ஸ் என்பவர் அலாஸ்காவின் ஆங்கரேஜில் கடை ஊழியராக இருந்தார். 1995இல் மணமுறிவுக்குப் பிறகு வாடகை கட்டுப்படியாகாமல் ஒரு பழைய பெட்டி வேனுக்குள் குடியேறினார். பின்னாளில் தன்னைப்போல் வண்டியில் வாழ்பவர்களைக் குளிர்காலத்தில் க்வார்ட்ஸைட்டுக்கு அழைத்து, வண்டிவாழ்க்கையின் நுணுக்கங்களைக் கற்றுக்கொடுத்தார். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் சாலைக்கு வந்த முதியவர்களை ஜெசிகா புரூடர் 'நோமேட்லேண்ட்' நூலில் பதிவு செய்தார். க்ளோயி ஜாவ் அதைப் படமாக்கியபோது வெல்ஸும் வேறு சிலரும் தங்கள் வேடத்தில் தாங்களே நடித்தார்கள். 2021இல் அது சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

படத்தைக் கைதட்டி வரவேற்ற நாட்டில், ஊருக்குள் வண்டியில் படுத்துறங்க இடம் கிடைப்பது எளிதாகிவிடவில்லை. க்ரான்ட்ஸ் பாஸ் நகர வழக்கில் 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொது இடத்தில் படுத்துறங்குவதற்கு அபராதம் விதிக்கும் சட்டங்களை, போக்கிடம் இல்லாதவர் மீதும் நகரங்கள் பாய்ச்சலாம் என்பது அதன் சாரம். ஆறு நீதிபதிகள் ஆதரவு, மூவர் எதிர்ப்பு. அந்த மூவர் பக்கமே நானும் நிற்கிறேன். எழுபது வயதில் மருத்துவமனைக்கு அருகே இருக்கவேண்டிய ஒருவரைப் பாலைவனத்துக்குப் போ என்று சொல்வது எப்படி நியாயமாகும்? வாக்களிக்கவும் ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கவும் முகவரி கேட்கிறார்கள். அதற்காகவே கடிதங்களை வாங்கி அனுப்பிவைக்கும் நிறுவனங்களுக்குப் பணம் கட்டி, தெற்கு டகோட்டாவில் ஒரு முகவரி வைத்துக்கொள்பவர்கள் நிறைய.

அமெரிக்காவிலுள்ள நம் வாசகர்களில் யாரேனும் இப்படி வண்டியில் வாழ்ந்திருந்தாலோ, வாழ்கிறவர்களோடு பழகியிருந்தாலோ எங்களுக்கு எழுதுங்கள். நிலாவைப் பற்றியும் பாலைவன அமைதியைப் பற்றியும் எழுதலாம். இரவில் எங்கே நிறுத்தினீர்கள், யார் கதவைத் தட்டினார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்