வண்டிக்கு அடியில் நான்கு கால்கள்

அமெரிக்க முகாம்களில் உள்ளேயே தங்கிச் சமைக்கும் வண்டியான மோட்டார்ஹோம் வந்து நின்றதும் அடியிலிருந்து ஹைட்ராலிக் ஜாக்குகள், பெரும்பாலும் நான்கு, தரையில் இறங்கும். வண்டி மட்டமாகும், தோசைக்கல்லில் எண்ணெய் ஒரு பக்கம் ஓடாது.

சிக்கல் ஓட்டும்போதுதான். நேராக இறங்கும் ஜாக், உள்ளே இழுத்த பிறகும் சட்டத்துக்குக் கீழே தொங்குகிறது. பின்சக்கரத்தைத் தாண்டி வண்டி வெகுதூரம் நீண்டிருப்பதால், பெட்ரோல் பங்க் சரிவில் ஏறும்போது வால்பகுதி தாழ்ந்து, ஜாக்கின் பாதத் தகடு தாரை உரசும்.

மடங்கும் ஜாக்கோ வேலை முடிந்ததும் கிடையாகப் படுத்துக்கொள்ளும். ஆனால் அதை மேலே இழுக்கும் ஸ்பிரிங்கில் சேறும் துருவும் ஏறினால் அதுவும் பாதியில் நிற்கும்.

படுக்கை எத்தனை, டிவி எத்தனை அங்குலம் என்று விசாரிப்பவர்களே, வாங்கும் முன் குனிந்து ஜாக்குக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியையும் டேப்பால் அளந்துவிடுங்கள். கிளம்பும் முன் ஜாக் இறங்கியிருப்பதைக் காட்டும் எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்பாமல், வண்டியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.