திணறும் மரம் அறுக்கும் மெஷின்... என்ன கோளாறு?

''சாய்ந்த முருங்கை, மாமரக் கிளைகளை அறுக்கச் சிறிய பெட்ரோல் மெஷின் வைத்திருக்கிறேன். ஸ்டார்ட் ஆகிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் திணறி நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?''

- வாசகர், அடையாறு.

''வர்தா (2016, டிசம்பர் 12) போன்ற புயல் வரும்போது மட்டும் எடுத்து, மற்ற நாள்களில் பரணில் போட்டுவைக்கும் மெஷினுக்கு இது வழக்கமான கோளாறுதான். முதலில் பழைய பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20% வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழையதை வடித்துவிட்டு, புதிய பெட்ரோலில் கையேடு சொல்லும் அளவு டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்றுங்கள். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி, 25:1 என்றால் 40 மி.லி.

அடுத்து, மெஷின் ஆறியதும் பிளக் வயரைக் கழற்றிவிட்டு ஏர் ஃபில்டர், பிளக், சைலன்ஸர் வலை மூன்றையும் சுத்தம் செய்யுங்கள். டேங்கினுள் இருக்கும் பெட்ரோல் ஃபில்டர் கறுத்திருந்தால் மாற்றுங்கள். அப்போதும் திணறினால் கார்புரேட்டரின் டயாபிரம் விறைத்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பவர் கூடும் என்று கார்புரேட்டர் ஸ்க்ரூவை நீங்களே திருக வேண்டாம். பெட்ரோல் வரத்து குறைந்தால் அதோடு ஆயிலும் குறைந்து, பிஸ்டன் இறுகிவிடும்.

இன்ஜின் நன்றாக ஓடியும் மரம் அறுபடவில்லையா? சீவலுக்குப் பதில் மாவுபோல் தூள் கொட்டினால் செயின் மழுங்கியிருக்கிறது, அரம் போடுங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து, மிச்சம் தீரும்வரை ஓடவிட்டு எடுத்துவையுங்கள்.''