பெரியாச்சிக்குப் பெயர் இல்லையா?

போன வருஷம் ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரிக்குப் போயிருந்தோம். கடற்கரையில் என் கணவர் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தார். அய்யர் பெயர் கேட்கக் கேட்க, அப்பா, தாத்தா, தாத்தாவுக்கு அப்பா என்று மூன்று தலைமுறையையும் மளமளவென்று சொல்லிவிட்டார். அம்மா பெயரும் ஆச்சி பெயரும் வந்தன. "தாத்தாவைப் பெத்தவா பேரு?" என்றதும் திணறிப் போனார். "பெரியாச்சி" என்றார். "அது முறை சொல்லிக் கூப்பிடறது. பேரைச் சொல்லுங்கோ" என்றார் அய்யர். இவர் திரும்பி என்னைப் பார்க்கிறார்! எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்த பிறகும் மனசு கேட்கவில்லை. 28 வருஷம் மாமியோடு ஒரே அடுக்களையில் நின்றிருக்கிறேன். ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டேன், இதைக் கேட்கவில்லையே! மாமியும் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

இத்தனைக்கும் எங்கள் ஊர் நாஞ்சில் நாடு. இங்கே பல வெள்ளாளக் குடும்பங்களில் அந்தக் காலத்தில் மருமக்கள்வழிதான். காரணவர் சொத்து அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான் போகும். அதனால் பட்ட பாட்டைத்தான் தேரூர் கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடி வைத்தார். 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்த பிறகுதான் குடும்பங்கள் பாகம் பிரிந்தன. அப்படிப் பிரிந்தபோது கிடைத்ததுதான் நாங்கள் இருக்கும் வீடும். தாத்தாவுக்கு அந்தப் பங்கு வந்ததே, அவர் பெரியாச்சி வயிற்றில் பிறந்ததால்தான். தாய்வழியில் சொத்து வந்த வீட்டிலேயே தாயின் பெயர் தெரியவில்லை என்றால் எங்கே போய்ச் சொல்ல?

சரி, தேடித்தான் பார்ப்போமே என்று இறங்கினேன். மச்சுப் பெட்டியில் பாகப்பத்திரம் கிடைத்தது. கொல்லம் 1104 என்று போட்டிருந்தது. கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில வருஷம். ஆவணி முதல் டிசம்பர் வரை என்றால் 824. பத்திரம் முழுக்க மலையாளம். படிக்கத் தெரிந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடம் கொண்டு போனேன். காரணவர் பெயர், மருமக்கள் பெயர் எல்லாம் தெளிவாக இருந்தன. பெரியாச்சி பெயர் வர வேண்டிய தாள் மட்டும் கறையானுக்குப் போயிருந்தது!

கடைசியில் தேரூரில் இருக்கும் கணவரின் அத்தையைப் போய்ப் பார்த்தேன். வயது 88. "இப்பம் எதுக்கு மக்களே அதெல்லாம்? நான் பொறக்கதுக்கு முன்னேயே அவ போயிட்டா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவளுக்குச் சீராட்டு வந்த பாத்திரம் உண்டும்லா, அதுல பேரு வெட்டியிருக்கும், பாரு" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. மாமி காரியம் முடிந்த கையோடு, இடத்தை அடைக்கிறது என்று பழைய உருளி, அண்டா எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்கியவள் நான்தான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு செம்பு. தொழுவத்தில் கன்றுக்குட்டிக்குக் கஞ்சித் தண்ணீர் மோந்து ஊற்றக் கிடந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. தாணம்மாள். சுசீந்திரம் தாணுமாலயன் பெயர்.

செம்பைக் கையில் பிடித்தபடி தொழுவத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எடைக்குப் போட்ட பாத்திரங்களில் இன்னும் யார் யார் பெயர் இருந்ததோ!

"வேலை இல்லாதவங்க பொழுதுபோக்கு" என்று கொழுந்தன் கேலி செய்தார். இருக்கட்டுமே. தபால்தலை சேர்த்தால் பொழுதுபோக்கு, பெற்றவளுக்குப் பெற்றவளைத் தேடினால் வெட்டி வேலையா? 1834 முதல் மொரீஷியஸ் தீவுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறினார்களே, அவர்களில் பெண்களுக்கும் பெயர், வயது, ஊர் எல்லாம் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். அங்கே மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் அந்த ஏடுகளைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் இன்றும் வம்சம் தேடுகிறார்கள். கூலியாகப் போனவளுக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. சொந்த வீட்டில் வாழ்ந்து செத்தவளுக்கு இல்லையே.

இந்த வேலையை ஆண்களிடம் விட்டால், எந்த ராஜா நமக்குப் பட்டம் கொடுத்தார், எத்தனை கோட்டை நிலம் இருந்தது என்ற பெருமையில்தான் போய் நிற்கும். அது நமக்கு வேண்டாம். யார் யாரைப் பெற்றாள், எந்த ஊரிலிருந்து வாழ வந்தாள், எத்தனை பிள்ளையைப் பறிகொடுத்தாள் என்று எழுதுவோம். கடன்பட்டது, இரண்டாம் தாரமாக வந்தது எல்லாம்கூட நடந்ததுதானே? மறைக்க வேண்டியதில்லை.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வீட்டில் மூத்த பெண்மணி யாரோ, அவரிடமிருந்து ஆரம்பியுங்கள். கேள்வி கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். முருங்கைக்கீரை உருவும்போது பேச்சுக் கொடுங்கள், தானாக வரும். செல்போனில் பதிவு செய்தும் வைக்கலாம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் சொந்தபந்தம் எல்லாம் கூடுமே, அப்போது நோட்டைக் கொண்டு போங்கள். கிறிஸ்தவத் தோழிகளுக்கு இன்னும் சுலபம். சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய் பெயரும் இருக்கும். பழைய பாத்திரத்தை எடைக்குப் போடும் முன் ஒரு முறை தேய்த்துப் பாருங்கள்.

தை அமாவாசைக்கு மறுபடியும் போனோம். அய்யர் கேட்டதும் "தாணம்மாள்" என்று என் கணவர் கணீரென்று சொன்னார். செம்பு இப்போது பூஜை அறையில் இருக்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயர், கடைசி வரியில் என் மகள் பெயர். நடுவில் இன்னும் காலி இடங்கள் உண்டு. அடுத்த வாரம் மறுபடியும் அத்தையைப் பார்க்கத் தேரூருக்குப் போகிறேன்.

உங்கள் பெரியாச்சி பெயர் என்ன, தோழியரே?

- ஒரு வாசகி, பூதப்பாண்டி