நிறம் தொலைந்த படமும் மூலக் கோப்பும்

திருகோணமலைக் கடலைப் படம் பிடித்தவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: கண்ணால் கண்ட நிறம் படத்தில் இல்லை. ஓர்ஸ் ஹில் என்னும் நமது உவர்மலையிலிருந்து உட்துறைமுகத்தை நோக்குபவருக்கு, பச்சையுமன்றி நீலமுமன்றி இடைப்பட்டு நிற்கும் நீரின் நிறம் தெரியும். அதே காட்சி கணினித் திரையில் வெளிறிவிடுகிறது. பழியைக் கமராவின்மீது போடுவது எளிது. எனது கருத்தில், பல வேளைகளில் குற்றம் அதனிடம் இல்லை. நிறத்தை எந்தப் பாத்திரத்தில் ஊற்றினோம் என்பதிலேயே இருக்கிறது.

அந்தப் பாத்திரமே நிறவெளி. அதில் அடங்கக்கூடிய நிறங்களின் எல்லை நிறவீச்சு. மனிதக் கண் காணும் நிறங்களை வரைபடமாக்கும் முறை 1931இல் வகுக்கப்பட்டது. இணையத்தின் பொதுமொழியாகிவிட்ட எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியை 1996இல் எச்.பி., மைக்ரோசொப்ட் நிறுவனங்கள் முன்வைத்தன. அன்றைய குழாய்த் திரைகளை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட அது, அந்த வரைபடத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கையே கொள்ளும். 1998இல் வந்த அடோபி ஆர்.ஜி.பி. ஏறத்தாழப் பாதியைக் கொள்ளும். இரண்டுக்கும் சிவப்பு முனையும் நீல முனையும் ஒன்றே. பச்சை முனை மட்டும் விலகி நிற்கிறது. ஆகவே அடோபி வெளியில் மேலதிகமாகக் கிடைப்பது பெரிதும் பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட பகுதிதான். நமது கடல் வாழும் பகுதியும் அதுவே.

பெரிய வெளியிலிருந்து சிறியதற்கு மாற்றும்போது, எல்லைக்கு வெளியே நிற்கும் நிறங்கள் எல்லைக்கோட்டுக்குத் தள்ளப்படுகின்றன. நீரில் தனித்தனியே தெரிந்த சாயல்கள் ஒரே தட்டையான திட்டாகின்றன. பின்னர் பெரிய வெளிக்கு மீண்டும் மாற்றினாலும் அவை திரும்பி வாரா.

அப்படியானால் எப்போதும் பெரிய வெளியையே நாடலாமா? அதுவும் முழு விடையன்று. நிறவெளிக் குறிப்பு இல்லாது அனுப்பப்படும் அடோபி கோப்பு, பார்ப்பவர் திரையில் மங்கலாகவே தெரியும். மிகப் பெரிய வெளியில் 8 பிட் அளவில் வேலை செய்தால், ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள 256 படிகள் அகலமாகப் பரவி, வானத்தில் வரிவரியாகப் பட்டைகள் விழும். எனவே அங்கே 16 பிட் வேண்டும். இன்னொரு மயக்கமும் உண்டு. நிறவெளியை 'மாற்றுதல்' வேறு, 'சூட்டுதல்' வேறு. மாற்றும்போது எண்கள் மாறும், தோற்றம் இயன்றவரை காக்கப்படும். சூட்டும்போது எண்கள் அப்படியே இருக்கும், தோற்றம் மாறிவிடும்.

பத்திரிகைத் தாளின் நிறவீச்சு இன்னும் குறுகியது. மை உறிஞ்சும் தாளில் செறிவான நிறம் நிற்காது. அச்சுக்காக நிறத்தைச் சுருக்குவதில் தவறில்லை. சுருக்கிய கோப்பையே மூலத்தின்மேல் சேமித்துவிடுவதே தவறு. நமது பத்திரிகை அலுவலகங்கள் இதைச் சிறு விடயமாக எண்ணலாகாது.

ஏனெனில் திருகோணமலையில் ஒளிப்படம் அழகுக்கு மட்டுமானதன்று. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்து இறந்தனர் என்று படைத்தரப்பு கூறியது. அவர்கள் சுடப்பட்டதைக் காட்டியவை 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019இல் திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சாட்சியம் இல்லையெனக் கூறி, குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் விடுவித்தது.

படம் சாட்சியாக நிற்க வேண்டியிருக்கும் ஊரில், கைபடாத மூலத்தின் பெறுமதி எவருக்கும் விளக்க வேண்டியதன்று. நிறம் திருத்திய படத்தைப் பார்த்து, "இதில் எதை மாற்றினாய்?" என்று ஒருவர் கேட்டால் விடை சொல்லக்கூடியது மூலக் கோப்பு ஒன்றே.

ஆகவே நான் வலியுறுத்துவது இவ்வளவே. கமராவில் 'ரோ' கோப்பாக எடுங்கள். கமராவின் நிறவெளித் தெரிவு ஜேபெக் படங்களையே பாதிக்கும், 'ரோ' தரவை அன்று. திருத்தங்களைப் பிரதியில், 16 பிட்டில், விரிந்த வெளியில் செய்யுங்கள். இணையத்துக்கு எஸ்.ஆர்.ஜி.பி.யும், அச்சுக்கு அச்சகம் கேட்கும் நிறவெளியும் கடைசிப் படியாக இருக்கட்டும். 2016 தொட்டு ஐபோன் போன்ற கைபேசிகளே எஸ்.ஆர்.ஜி.பி.யை விட விரிந்த பி3 வெளியில் படம் எடுக்கின்றன, காட்டுகின்றன. நாளைய திரைகள் இன்னும் விரியும். நாம் இன்று வெட்டி எறிந்த நிறத்தை அவற்றாலும் காட்ட இயலாது.