ஒரு படம் போதாது

சூரியனின் காந்தத் துருவங்கள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாறுகின்றன. சுமார் 51 ஒளியாண்டு தொலைவிலுள்ள டௌ பூட்டிஸ் விண்மீனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வியாழனைவிடப் பல மடங்கு கனமான கோள் ஒன்று 3.3 நாளில் அதைச் சுற்றிவருகிறது. விண்மீன் ஒளியின் முனைவாக்கத்தை அளந்து காந்தப் புலத்தை வரைந்தவர்கள், 2007, 2008 அளவீடுகளில் துருவங்கள் புரண்டிருப்பதைக் கண்டார்கள். துருவங்கள் புரண்டு பழைய நிலைக்குத் திரும்பும் சுழற்சி 2 ஆண்டு என்று முதலில் கணித்தார்கள். அடிக்கடி அளந்தபோது அது சுமார் 240 நாளாகச் சுருங்கியது.

அருகிலுள்ள கோள்தான் இந்த அவசரத்துக்குக் காரணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால், விண்மீனின் மெல்லிய வெப்பச்சலன அடுக்கும் வேகமான தற்சுழற்சியுமே அதற்குப் போதுமானவையாக இருக்கலாம். எச்டி 189733 விண்மீனையும் ஒரு பெருங்கோள் 2.2 நாளில் சுற்றுகிறது. அங்கே பல ஆண்டு அளந்தும் துருவங்கள் புரண்டதாகத் தெரியவில்லை. தொலைநோக்கி நேரம் கிடைப்பதே அரிது, ஒரே விண்மீனை ஆண்டுக்கணக்கில் பார்க்க முடியுமா என்று கேட்கலாம். ஆனால், கோளின் வளிமண்டலத்தை அரிக்கும் விண்மீன் காற்றின் போக்கை வகுப்பது மாறிக்கொண்டே இருக்கும் அந்தக் காந்தப் புலம்தான். ஒருநாள் நாடி பிடித்து ஆயுளைக் கணிக்க முடியாது. நூறு விண்மீன்களை ஒருமுறை பார்ப்பதைவிடப் பத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதே மேல்.